கோனோவீடர் குறுக்கே ஓட மாட்டேங்குது (ஒற்றை நாற்று நடவு)

கேள்வி: நெல் நட்டு 12 நாள். 25 செ.மீ. இடைவெளி. கோனோவீடர் (கையால தள்ளுற, உருளை வச்ச களையெடுக்கும் கருவி) நேரா ஓடுது, குறுக்கே ஓட்டினா பயிர்ல ஏறுது. உருளையில மண் வேற அப்புது. என்ன செய்யலாம்?

பதில் 1: கயிறு ஒரு பக்கம் மட்டும் பிடிச்சு நட்டிருப்பாங்க. இந்தப் போகம் ஒரே திசைலதான் ஓட்டணும். குத்துக்கு (நாத்து நட்ட இடம்) நடுவுல உள்ள களையைக் கையால எடுங்க. அடுத்த தடவை மார்க்கரை (வயல்ல கோடு போடுற கருவி) ரெண்டு திசைலயும் உருட்டி, கோடு சந்திக்கிற இடத்துல நடச் சொல்லுங்க. பக்கத்துலயே நிக்கணும், இல்லைன்னா பழக்க தோஷத்துல குத்துக்கு மூணு நாத்து வச்சிடுவாங்க!

பதில் 2: மண் அப்புறது தண்ணி பத்தாம. 2 செ.மீ. நிறுத்திட்டு ஓட்டுங்க. முன்னும் பின்னும் தள்ளி இழுக்கணும். ஒரே மூச்சா தள்ளினா புதையும். 10 நாளைக்கு ஒருக்கா, 40 நாள் வரை.

கேள்வி கேட்டவர்: மேட்டுப் பக்கம் மட்டும்தான் அப்புது.

பதில் 2: அப்போ சமன் சரியில்லை. அங்க தனியா தண்ணி கட்டுங்க.