மறு: ‘இன்கேன்டேஷன்’ – மந்திரக் கட்டளையா, வேறு சொல்லா?

அனைவருக்கும் வணக்கம். நம் கணினிக் கையேட்டில் வரும் ‘இன்கேன்டேஷன்’ (ஆங்கிலத்தில் மந்திர உச்சாடனம்) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோமே, அதற்கு என் பதில்.

> கையேட்டில் வரும் இன்கேன்டேஷனுக்கு ‘மந்திரக் கட்டளை’ என்றே போட்டுவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் வேறு மாதிரி புரியும். ‘மந்திரம் போட்ட மாதிரி’ என்றால் நமக்கு, நோகாமல் நொடியில் முடிந்தது என்று பொருள். நிரலர்கள் (புரோகிராமர்கள்) இன்கேன்டேஷன் என்பது அதுவல்ல. ஏன் இப்படி என்று தெரியாமல், ஓரெழுத்து பிசகினாலும் பலிக்காதோ என்ற பயத்தோடு அப்படியே அடிக்கும் கட்டளை. நிரலர்களின் கொச்சைச் சொல் அகராதியான ஜார்கன் ஃபைலிலும் இந்தப் பொருள்தான். அதில் வியப்பைவிடச் சலிப்புதான் அதிகம்.

என் கதையையே சொல்கிறேன். சுருக்கிய கோப்பைப் பிரிக்க டார் (tar) என்ற கட்டளைக்குப் பின் எக்ஸ், இசட், வி, எஃப் என்று பல வருடம் அடித்திருக்கிறேன். எக்ஸ் என்றால் பிரி, எஃப் என்றால் அடுத்து வருவது கோப்பின் பெயர். வி வெறுமனே பெயர்களைத் திரையில் ஓட்டும், அது இல்லாமலும் வேலை நடக்கும். இசட், ஜிசிப் முறையில் சுருக்கிய கோப்பு என்று சொல்வது. அது இன்னும் வேடிக்கை: லினக்ஸில் வழக்கமாக வரும் குனூ டார் பிரிக்கும்போது சுருக்கமுறையைத் தானே கண்டுகொள்ளும். ஆக நாலில் இரண்டு எழுத்து வெறும் சடங்கு. ஆனாலும் கை விடமாட்டேன் என்கிறது!

ஆங்கிலத்தில் மந்திரத்தைக் குறிக்கும் சொற்கள் பெரும்பாலும் வாயிலிருந்து பிறந்தவை. ஸ்பெல் என்றால் பழைய ஆங்கிலத்தில் பேச்சு, கதை. காஸ்பெல் என்பதில் ஒட்டியிருப்பதும் அதுதான், ‘நற்செய்தி’. மந்திரம் என்ற பொருள் 16-ஆம் நூற்றாண்டில்தான் ஏறியது. சார்ம் (வசியம்), லத்தீனில் பாட்டைக் குறித்த கார்மெனிலிருந்து வந்தது. என்சான்ட் (மந்திரத்தால் மயக்கு), இன்கேன்டேஷன் இரண்டும் ‘பாடு’ என்ற வினையிலிருந்து. எனக்குப் பிடித்தது கிளாமர்: கிராமர், அதாவது இலக்கணம், ஸ்காட்லாந்து வாயில் திரிந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்குச் சூனியமும் தெரியும் என்று ஊரார் நம்பிய காலத்து மிச்சம். இன்று அது சினிமா நடிகைக்குப் போய்விட்டது.

(போன மடலில் ஒருவர் கேட்ட கிரிக்கெட் பௌலிங் ஸ்பெல்லுக்கும் இதற்கும் உறவில்லை. அது ‘ஒருவருக்குப் பதில் முறை எடுப்பது’ என்ற வேறொரு வினையின் வழி வந்தது. நிரலர்களின் ஹெக்ஸும் (பதினாறடி எண்முறை) சூனியத்தைக் குறிக்கும் ஆங்கில ஹெக்ஸ் அல்ல, கிரேக்க ‘ஆறு’.)

தமிழிலும் மந்திரவாதியின் சொற்கள் இப்படி வீட்டுக்குள் வந்திருக்கின்றன. வாய்க்கட்டு, எல்லைக்கட்டு என்பதெல்லாம் அவன் பாஷை, ‘அவர் பேச்சு எங்களைக் கட்டிப்போட்டது’ என்பது நம் பாஷை. வசியம் செய்வதிலிருந்துதான் வசீகரம். திருதிருவென்று நிற்பவனை மந்திரித்துவிட்ட கோழி என்கிறோம்.

இந்த வரிசையில் ‘உரு’ நமக்குத் தோதாகப் படுகிறது. மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சக்தி சேர்ப்பது உருவேற்றுவது. பொருள் தெரியாமல் வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்வது உருப்போடுவது. ஒரே சொல்லில் மந்திரமும் இருக்கிறது, புரியாமல் சொல்வதும் இருக்கிறது. எனவே என் பரிந்துரை: உருக்கட்டளை.

> தொல்காப்பியமே மந்திரத்தை ‘மறைமொழி’ என்கிறதே, அது போதாதா?

‘நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி’ அழகுதான். ஆனால் மறையாக்கம் என்று குறியாக்கத்துக்குப் பலர் எழுதுகிறார்கள். மறைமொழி என்று கண்டால் பூட்டிய கோப்பு என்றுதான் நினைப்பார்கள். அதோடு நம் நாலெழுத்துச் சடங்குக்கு நிறைமொழி மாந்தரை இழுக்க வேண்டுமா?

---

ஐயா, உரு என்றால் வடிவம், படம் என்று எடுத்துக்கொள்வார்களே. உருமாற்று, உருவாக்கு எல்லாம் ஏற்கெனவே கையேட்டில் இருக்கின்றன. உருக்கட்டளையைப் படம் வரையும் கட்டளை என்று நினைத்தால்? நான் ‘மந்திர வரி’ என்று வைத்திருந்தேன். வீட்டில் காட்டினேன், “மந்திரிமார் புதுசா வரி போட்டுட்டாங்களா?” என்று கேட்டார்கள். கைவிட்டுவிட்டேன்.

---

உங்கள் ஐயம் சரி. தனியாக நின்றால் குழப்பும். அப்படியானால் ஒட்டுச் சொல்லை விட்டுவிட்டு ‘உருப்போட்ட கட்டளை’ என்று விரித்தே எழுதுவோம். இரண்டு சொல் ஆனாலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் பிடிபடும். ‘இந்த வரியை உருப்போட்டு அடிக்காதீர்கள், ஒவ்வோர் எழுத்தும் என்ன செய்கிறது என்று பாருங்கள்’ என்று கையேட்டில் எழுதிப் பார்த்தேன், இடறவில்லை.

விஸார்டை (படிப்படியாகக் கேட்டு வேலையை முடித்துத் தரும் திரை; ஆங்கிலத்தில் மந்திரவாதி) இதோடு சேர்க்க வேண்டாம். அதற்கு ‘வழிகாட்டி’ நன்றாகவே ஓடுகிறது, ‘மாயாவி’ என்று மாற்றக் கேட்டவர் மன்னிக்கவும். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அப்புறம் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.