குரோஷியோவும் ஓயாஷியோவும் சேரும் இடத்தில் பாசி ஏன் பெருகுகிறது?

புவியியல் டீச்சர்:
பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். வெப்ப நீரோட்டமும் குளிர் நீரோட்டமும் சேரும் இடத்தில் மிதவைப் பாசி பெருகும், மீன் வளம் கொழிக்கும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். நேற்று ஒரு பையன் "சூடும் குளிரும் கலந்தா சாப்பாடு எங்கிருந்து மிஸ் வரும்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஜப்பானை வைத்து யாராவது விளக்குங்களேன்.

நெய்தல்:
நல்ல கேள்வி, பையனிடம் சொல்லுங்கள். கலப்பதால் உரம் பிறப்பதில்லை, அது வடக்கிலிருந்து வரும் குளிர் நீரோட்டமான ஓயாஷியோவிலேயே இருக்கிறது. வடக்கே குளிர்காலப் புயல்கள் கடலைக் கலக்கி ஆழத்திலிருக்கும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட்டை மேலே கொண்டுவந்துவிடும், ஆனால் அப்போது வெயில் குறைவு, பாசியையும் அதே கலக்கல் இருட்டுக்குள் இழுத்துப் போய்விடும். வசந்தத்தில் மேல்நீர் சூடாகி லேசாகி, ஒரு மூடி மாதிரி மிதக்கிறது. பாசி வெளிச்சத்திலேயே தங்குகிறது, உரமும் கையருகே. ஏப்ரல், மே மாதங்களில் டயாட்டம் என்ற நுண்பாசிகள் பெருகுவது அதனால்தான். இன்னொன்று: தெற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தின் பெயர் குரோஷியோ, அப்படியென்றால் கரிய நீரோட்டம். பாசி குறைந்த தெளிந்த நீர் என்பதால் கருநீலமாகத் தெரியும். ஓயாஷியோ என்றால் பெற்றோர் நீரோட்டம், மீன்களை வளர்ப்பதால் வந்த பெயர். இந்த இரண்டு பெயரையும் சொன்னாலே பிள்ளைகளுக்குப் பாதி புரிந்துவிடும்.

அலைவாய்க்கரை:
2009 மே 21-ல் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவுக்குக் கிழக்கே நாசா செயற்கைக்கோள் எடுத்த படத்தைத் தேடிக் காட்டுங்கள். பாலில் டிகாஷன் ஊற்றி லேசாகக் கலக்கும்போது நூல் நூலாகச் சுற்றுமே, அப்படியே பச்சையும் வெளிர்நீலமுமாகச் சுழிகள். இரண்டு நீரோட்டமும் மோதும்போது இந்தச் சுழிகள் உண்டாகின்றன. ஒரு திருத்தம் மட்டும், படத்தில் தெரியும் பாசி எல்லாம் அந்த இடத்திலேயே வளர்ந்தது இல்லை, சுழிகளின் ஓரம் வேறு இடத்துப் பாசியையும் இழுத்துவந்து சேர்க்கும்.

நெய்தல்:
ஆமாம், அதை விட்டுவிட்டேன். அப்புறம், அந்த வளம் என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். இலையுதிர்காலத்தில் ஓயாஷியோவோடு தெற்கே இறங்கும் சன்மா மீன் ஜப்பானில் 2008-ல் சுமார் மூன்றரை லட்சம் டன் பிடிபட்டது, 2022-ல் இருபதாயிரம் டன்கூட இல்லை. கரையோரக் கடல் சூடாகி, மீன் கரையை விட்டுத் தொலைவாகப் போனதும் அதற்கு ஒரு காரணம்.