தங்கப் படம் போட்ட ரோமானியக் கண்ணாடி: ஏன் அடிப்பாகம் மட்டும் மிஞ்சியிருக்கு?

உடைஞ்சகிண்ணம்:
ரெண்டு நாளா பிரிட்டிஷ் மியூசியம், வாடிகன் மியூசியம் போட்டோவாவே பாத்துட்டிருக்கேன். 4ஆம் நூற்றாண்டு ரோமானியக் கண்ணாடி, நடுவுல தங்கத்துல கிறிஸ்தவப் புனிதர்கள் பீட்டர், பால் முகம், இல்லன்னா புருஷன் பொண்டாட்டி ஜோடி, ஆனா நான் பாத்த எல்லாமே வட்டத் துண்டுதான், ஓரமெல்லாம் எலி கடிச்ச மாதிரி. முழுக் கிண்ணம் எங்க போச்சு? அது பெயிண்ட்டா, நிஜத் தங்கமா?

சாந்துக்கரண்டி:
நிஜத் தங்கம்தாங்க, ரேக்கு, அதாவது மெல்லிசா அடிச்ச தங்கத் தகடு. கண்ணாடி மேல ரேக்க ஒட்டி, கூரான கருவியால வேண்டாததைச் சுரண்டிட்டா படம் நிக்கும், அதுக்கு மேல இன்னொரு கண்ணாடிய சூடா வெச்சு ஒட்டிடுவாங்க. தங்கம் கறுக்காதே, அப்புறம் எதுக்கு மூடணும்னு கேப்பீங்க, ரேக்கு அவ்ளோ மெல்லிசு, தேய்ச்சாலே போயிடும்.

அடிப்பாகம் மேட்டர் இன்னும் சுவாரஸ்யம். ரோம்ல பூமிக்கடியில சுரங்கம் மாதிரி கல்லறைங்க இருக்கில்ல, சுவத்துல குழி வெட்டி ஆளை வெச்சு அடைச்சு சாந்து பூசுவாங்க, அந்த ஈரச் சாந்துல இதைப் பதிச்சிருக்காங்க. அடி ரெட்டைக் கண்ணாடி, கெட்டி. பக்கச் சுவர் மெல்லிசு, அது எங்க தாங்கும்.

பழையவிளக்கு:
அதுக்காக கல்லறைக்குன்னே செஞ்சதுன்னு நினைச்சுடாதீங்க. நிறைய துண்டுல "பியே செசேஸ்"னு இருக்கும், கிரேக்க வார்த்தை, எழுத்து மட்டும் லத்தீன். "குடி, நல்லா வாழு"ன்னு அர்த்தம். செத்தவருக்கா இதைச் சொல்வாங்க? விருந்துல புழங்கின கிண்ணம்னுதான் எனக்குப் படுது. கிறிஸ்தவங்க மட்டும் இல்ல, ஏழு கிளை விளக்கு போட்ட யூதத் துண்டும் உண்டு.

உடைஞ்சகிண்ணம்:
ஐயோ, செம. அப்போ இத்தாலில ராவென்னா ஊர்ல சின்னச் சில்லு பதிச்சுப் போட்ட மொசைக் படங்கள்ல மின்னுறது? லைகர்கஸ் கப்னு ஒரு ரோமானியக் கண்ணாடிக் கோப்பை, அதுலயும் தங்கம்னாங்க, ஒரு பொட்டு கூட காணோம்!

சாந்துக்கரண்டி:
ராவென்னாவும் அதே டெக்னிக்தான், சான் விதாலே தேவாலய (547ல திறந்தது) மொசைக்ல ஒவ்வொரு தங்கச் சில்லும் கண்ணாடி, ரேக்கு, மேல மெல்லிசா இன்னொரு கண்ணாடி. சில்லு எல்லாம் ஒரே மட்டத்துல இருக்காது, அதான் நீங்க நகர நகர வெளிச்சமும் நகரும்.

லைகர்கஸ் கதையே வேற. அங்க தங்கமும் வெள்ளியும் கண்ணுக்குத் தெரியாத துகளா கண்ணாடிக்குள்ளயே கலந்திருக்கு, தங்கம் பத்து லட்சத்துல சுமார் 40 பங்குதான். முன்னாடி லைட் அடிச்சா பச்சை, பின்னாடி அடிச்சா ரத்தச் சிவப்பு. ரெண்டு போட்டோவையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஒரே கப்னு நம்ப மாட்டீங்க.