நைலான் கிட்டார் பொம்மையா? அந்த 9 மில்லிமீட்டர் சண்டை

ஆஸ்டின்வாசி:
பிள்ளைகளுக்கு எந்த வாத்தியம் என்ற இழையில் போன வாரம் ஸ்டீல்கம்பி எழுதியிருந்தார்: நைலான் கம்பி போட்ட கிட்டார் பொம்மை, அதில் ஆரம்பிக்கிற பிள்ளைக்குக் கடைசிவரை கிட்டார் வராது என்று. என் மகள் ஒன்பதாம் வகுப்பு. டெக்சஸில் ஹைஸ்கூல் முடிக்க ஃபைன் ஆர்ட்ஸில் ஒரு கிரெடிட் வேண்டும். அவள் ஆசைப்பட்டு கிட்டார் வகுப்பை எடுத்தாள். பள்ளியே நைலான் கிட்டார் கொடுக்கிறது. உங்கள் பதிவைப் படித்துவிட்டு "அப்பா, நான் வாசிக்கிறது பொம்மையா?" என்று கேட்டாள். அந்தக் கோபத்தில்தான் இந்தத் தனி இழை.

சாதாரண லைட் ஸ்டீல் செட்டில் ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 160 பவுண்டு. நைலானில் 80, 90 பவுண்டுதான் வரும். கிட்டத்தட்ட பாதி. புதிதாகப் பிடிக்கிற விரல் எதைத் தாங்கும்?

ஸ்டீல்கம்பி:
எழுதியதை நான் மாற்றப்போவதில்லை. விரல் வலி மூன்று வாரம், அப்புறம் தோல் காய்த்துவிடும். நெக், அதாவது விரல் வைத்துக் கம்பியை அழுத்துகிற கழுத்துப் பகுதி, அதன் அகலத்தைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை? நைலான் போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் நட், அதாவது நெக்கின் மேல்முனையில் கம்பிகள் ஏறிப் போகிற பட்டை, 52 மி.மீ. அகலம், ஸ்டீல் கிட்டாரில் 43 சுமார். 9 மி.மீ. அதிகம். 14 வயதுப் பெண் அந்தப் பலகையில் ஜி கார்ட் (சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கிற பிடி) பிடிக்கட்டும், பார்க்கலாம்.

ஆஸ்டின்வாசி:
அந்த 9 மி.மீ.தான் காப்பாற்றுகிறது! சி கார்டில் ஆள்காட்டி விரல் இரண்டாவது கம்பியில், முதல் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கோடுகள் பிரிக்கிற கட்டம்) இருக்கும். பக்கத்தில் முதல் கம்பி விரல் படாமல் திறந்து ஒலிக்க வேண்டும். குறுகலான நெக்கில் விரல் சதை அதில் பட்டு ஒலி செத்துப்போகும். அகலம் இருந்தால் படாது. ஒரு முறையாவது பிடித்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஸ்டீல்கம்பி:
நான் பிடித்துப் பார்த்தவன்தான். 13 வயதில் மாமா வீட்டு நைலான் கிட்டாரில் ஆரம்பித்தேன். கை எட்டவில்லை. எனக்குக் கை சரியில்லை என்று நினைத்து இரண்டு வருடம் தொடவே இல்லை. பிறகு நண்பனின் ஸ்டீல் கிட்டாரை எடுத்த அன்றே ஜி வந்தது. அந்த இரண்டு வருடத்தை நீங்கள் திருப்பித் தருவீர்களா?

வகுப்பறை:
நான் பள்ளியில் கிட்டார் வகுப்பு எடுக்கிறேன். ஒரு வகுப்பில் 28 பேர். முதல் சில வாரம் யாரும் ஜி கார்ட் பக்கமே போவதில்லை. முதல் கம்பியில் இ, எஃப், ஜி, இரண்டாவதில் பி, சி, டி, மூன்றாவதில் ஜி, ஏ. அதை நோட் பார்த்து வாசிப்போம். ஜி கார்டுகூட முதலில் ஒரே விரலில் தொடங்கலாம். முதல் கம்பியில் மூன்றாவது ஃப்ரெட், இரண்டு, மூன்று, நான்கு திறந்த கம்பி. போதும். இன்னொன்று, 9 மி.மீ.யை ஐந்து இடைவெளிக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 2 மி.மீ.கூட வராது.

எனக்கு நிஜமான தொல்லை ட்யூனிங். புது நைலான் கம்பி நிலைக்கச் சில நாள் ஆகும். அதுவரை 28 கிட்டாருக்கும் தினமும் சுருதி சேர்க்க வேண்டும். வகுப்பில் முதல் பத்து நிமிடம் அதற்கே போய்விடுகிறது. இதைப் பற்றி யாராவது பேசுங்கள்.

ஸ்டீல்கம்பி:
ஆசிரியரே, ஒரு விரல் ஜி என்பது ஜி இல்லை. முழு ஜி-க்கு ஆறாவது கம்பியிலும் முதல் கம்பியிலும் மூன்றாவது ஃப்ரெட்டை ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். அங்கே 9 மி.மீ. வேலையைக் காட்டும்.

கோவைக்காரி:
இளையராஜா சென்னையில் இசை ஆசிரியர் தன்ராஜ் மாஸ்டரிடம் படித்து, லண்டன் ட்ரினிட்டி இசைக் கல்லூரித் தேர்வில் கிளாசிக்கல் கிட்டாருக்குத் தங்கப் பதக்கம் வாங்கியவர். கிளாசிக்கல் என்றால் நைலான். அவர் படித்ததும் பொம்மையா?

ஸ்டீல்கம்பி:
ராஜாவை இழுக்காதீர்கள் அக்கா. அவரை நான் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லவில்லை. அவர் பாட்டுகள் பலவற்றில் மினுங்குகிற கிட்டார் ஸ்டீல் கம்பிதான், காது கொடுத்துக் கேளுங்கள்.

கோவைக்காரி:
எனக்குக் காது இல்லை என்கிறீர்களா? புல்லாங்குழல் இழையிலும் இதையேதான் சொன்னீர்கள். மூங்கில் பற்றிக் கேட்டதற்குக் கடைசிவரை பதில் இல்லை.

ஸ்டீல்கம்பி:
அங்கே பதில் சொன்னேன். நீங்கள்தான் பாதியில் போய்விட்டீர்கள்.

வகுப்பறை:
ஒரு எச்சரிக்கை. இந்தச் சண்டையைப் படித்துவிட்டு யாரும் நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பியை மாட்டிவிடாதீர்கள். என் மாணவன் ஒருவன் மாட்டினான். இழுவை தாங்காமல், கம்பிகளைக் கீழே கட்டியிருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிட்டது.

ஆஸ்டின்வாசி:
ஆசிரியர் சொல்வதைக் கேளுங்கள். இங்கே ஆஸ்டின் கிளாசிக்கல் கிட்டார் என்ற அமைப்பு பள்ளிகளுக்கென்றே பாடத்திட்டம் எழுதி, வேறு ஊர்ப் பள்ளிகளும் அதை எடுத்து நடத்துகின்றன. அத்தனை ஆசிரியர்களும் பிள்ளைகள் கையில் பொம்மையையா கொடுக்கிறார்கள்? கம்பியின் நீளத்தைப் பாருங்கள். கிளாசிக்கலில் 650 மி.மீ., ஸ்டீலில் பெரும்பாலும் 648. ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் விரல் நீட்டுவது இரண்டிலும் ஒன்றுதான்.

ஸ்டீல்கம்பி:
நீளத்தை யார் கேட்டார்கள்? அகலத்துக்கு வாருங்கள். 9 மி.மீ.

ஆஸ்டின்வாசி:
நேற்று ராத்திரி ஸ்கேலை வைத்து அவள் கிட்டாரை அளந்தேன். 52 தான். அதே நெக்கில் சி பிடித்தாள், முதல் கம்பி மணி மாதிரி ஒலித்தது. ஐந்து தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

ஸ்டீல்கம்பி:
சி சரி. ஜி?

ஆஸ்டின்வாசி:
ஜி வகுப்பில் அடுத்த வாரம்தான் வருகிறது. முழு ஜி, மூன்று விரலும் வைத்து. பிடித்ததும் பதிவுசெய்து இங்கேயே போடுகிறேன். அதுவரை அந்தப் பொம்மை என்ற சொல்லை உங்கள் பதிவிலிருந்து எடுங்கள். அவள் இன்னும் அதைப் படிக்கிறாள்.

ஸ்டீல்கம்பி:
ஜி வரட்டும். எடுக்க மாட்டேன்.

கோவைக்காரி:
மூங்கில்?