பீட்டில் செசியில் ஃபைபர் பாடி பகி: புது வயரிங் செட் எதை எடுப்பது?

கொட்டகலை பகி:

வணக்கம். வொக்ஸ்வேகன் பீட்டில் காரின் செசியில் (அடிச்சட்டத்தில்) ஃபைபர் பாடி ஏற்றிய பகி, அதாவது கூரையில்லாத சின்ன வண்டி, ஒன்று என்னிடம் இருக்கிறது. மேயர்ஸ் மேங்க்ஸ் என்ற அமெரிக்க பகியின் பாணியில் செசியை நடுவில் வெட்டி, பதினாலரை அங்குலம் குறைத்திருக்கிறார்கள். 1600 சிசி எஞ்சின், பெட்டரியைச் சார்ஜ் செய்ய டைனமோவுக்குப் பதில் ஓல்டர்நேட்டர். ஓட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை.

வயரிங்தான் தாங்க முடியவில்லை. முன்பு வைத்திருந்தவர் ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு புது வயர் இழுத்திருக்கிறார், பழையதைக் கழற்றவே இல்லை. டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டால் டேப் சுற்றிய முடிச்சுகள்தான் அகப்படும். வலது இண்டிகேட்டர் போட்டால் பின் லைட்டும் சேர்ந்து மினுங்குகிறது. மழை நாளில் ஹோர்ன் தானாக அடிக்கிறது (பக்கத்து லயத்தில் எனக்கு இருந்த நல்ல பெயர் இதனாலேயே போனது). மிச்சமிருந்ததை ஷெட்டில் எலி பார்த்துக்கொண்டது.

நான் தேயிலை ஃபெக்டரியில் எலக்ட்ரீஷியன். ரோலர் மோட்டர், வாட்டும் ஃபேன் எல்லாம் பழகிய வேலை. காரின் 12 வோல்ட்தான் புதிது. பீட்டிலுக்கென்றே வரும் ஒரிஜினல் மாதிரி செட்டை வெளிநாட்டிலிருந்து எடுப்பதா, எந்தக் காருக்கும் பொருந்தும் என்று விற்கிற யுனிவர்சல் செட்டை எடுப்பதா, இல்லை, இங்கேயே வயர் வாங்கி நானே கட்டுவதா? ஒரு கராஜில் ஜப்பான் கார் ஒன்றின் செட்டைக் கழற்றிப் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பண்டாரவளை வயரிங்காரர்:

தம்பி, அந்த ஜப்பான் செட்டை விட்டுவிடுங்கள். அதில் பாதி வயர் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போவது. அதை வெட்டி எறிந்து மிச்சத்தை ஒட்டுப்போடுவதற்குப் புதிதாகவே கட்டிவிடலாம்.

எந்த செட் என்பதற்கு முன்னால் அந்த இண்டிகேட்டர் சங்கதியைப் பாருங்கள். அது எர்த் இல்லாததன் அடையாளம். பல்புக்கு வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல், பக்கத்து பல்பு வழியாகச் சுற்றிப் போகிறது. அதனால் இரண்டும் மங்கலாக எரிகின்றன. ஃபெக்டரியில் எர்த் என்பது ஆளைக் காப்பாற்ற. காரில் அதுதான் நியூட்ரல். அது இல்லாமல் ஒன்றும் ஓடாது.

பீட்டில் இரும்பு பாடி. லைட்டை போல்ட் போட்டு இறுக்கினாலே பல இடங்களில் எர்த் கிடைத்துவிடும். ஒரிஜினல் செட்டும் அதை நம்பித்தான் கட்டப்பட்டது. உங்கள் ஃபைபரில் கரண்ட் போகாது. ஒவ்வொரு லைட், ஹோர்ன், வைப்பர் மோட்டர், பெட்ரோல் கேஜ் என எல்லாவற்றுக்கும் தனியாக ஓர் எர்த் வயர் வேண்டும். ஒரிஜினல் செட் வாங்கினால் இந்த வயர்களை எப்படியும் நீங்கள்தான் போடவேண்டும். அதோடு அது முழு நீள பீட்டிலின் அளவு. வெட்டிய செசியில் மிச்ச நீளத்தை எங்கே சுருட்டி ஒளிப்பீர்கள்?

என் யோசனை: பீட்டிலின் வயரிங் படத்தை வைத்துக்கொண்டு நீங்களே கட்டுங்கள். படத்தில் 15, 30, 31, 56a, 56b என்று நம்பர்கள் இருக்கும். 30 எப்போதும் கரண்ட் உள்ளது, 15 சாவி போட்டால் வருவது, 31 எர்த், 56a ஹை பீம், 56b டிம். ரிலேயின் (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போடும் சுவிட்ச்) 85, 86, 87 கூட அதே குடும்பம்தான். ஒரு பிளைவுட் பலகையில் காரின் அளவைக் கீறி, வளைவுக்கு வளைவு ஆணி அடித்து, அதன் மேல் வயர்களை ஓட்டிக் கட்டிவிட்டு அப்படியே காருக்குள் இறக்குங்கள்.

எஞ்சினும் பெட்டரியும் பின்னால், லைட் முன்னால். 15 ஆம்பியர் கரண்ட் 4 மீற்றர் போனால் 2 சதுர மில்லிமீற்றர் வயரில் அரை வோல்ட் போய்விடும். 6 சதுர மில்லிமீற்றர் போட்டால் இழப்பு அதில் மூன்றில் ஒன்றுதான். ஆகவே முன்னால் போகிற பெரிய சிவப்பு வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரிஜினலில் அந்த வயருக்கு ஃபியூஸ் கிடையாது. பெட்ரோல் டேங்க் முன்னால், பாடி ஃபைபர், வயர் ஷோர்ட் ஆனால் தீதான். பெட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு 40 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுவிடுங்கள். ஸ்டார்ட்டர் கேபிள் தனி, அதில் ஃபியூஸ் போடவேண்டாம்.

கொழும்பில் இருக்கும் ஹட்டன்காரன்:

அண்ணன் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் பலகையில் ஆணி அடிக்க நேரம் இருக்காது. யுனிவர்சல் செட்டில் பிளேட் ஃபியூஸ் (தட்டைக் கால்களால் செருகுகிற இப்போதைய ஃபியூஸ்) பெட்டி கட்டியே வரும். நல்ல செட்டாக இருந்தால் ஒவ்வொரு வயரிலும் அது எங்கே போகிறது என்று நெடுக அச்சடித்திருக்கும். இங்கே கொழும்பில் கார் பாகங்கள் விற்கிற பஞ்சிகாவத்தையில் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் ஒன்லைனில் எடுக்கலாம். வாங்குமுன் ஓல்டர்நேட்டர் வயரின் நீளத்தைக் கேளுங்கள். எஞ்சின் முன்னால் இருக்கும் என்று நினைத்துத்தான் பெரும்பாலும் கட்டுகிறார்கள்.

பண்டாரவளை வயரிங்காரர்:

நீளத்தோடு ஹெட்லைட்டுக்கு எத்தனை ஃபியூஸ் என்றும் கேளுங்கள். இரண்டு லைட்டுக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ் வைத்த செட்டுகளைப் பார்த்திருக்கிறேன். பீட்டிலில் இடது ஹை, வலது ஹை, இடது டிம், வலது டிம் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஃபியூஸ். நானுஓயா பக்கம் மூடுபனியில், இறக்கத்து வளைவில் ஃபியூஸ் போனால் ஒரு லைட்டாவது மிஞ்சவேண்டும். எந்த செட் எடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிளேட் ஃபியூஸ் நல்லது என்பதில் சண்டையில்லை. பீட்டிலின் பழைய ஃபியூஸ் இரண்டு பக்கமும் கூரான சின்னக் குச்சி, வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16. நம் ஊர் ஈரத்தில் அதன் முனை பச்சை பிடித்துவிடும். விரலால் உருட்டிவிட்டால் லைட் எரியும், அடுத்த மழைக்குத் திரும்பப் போகும்.

ராகலை லேண்ட்ரோவர்:

கலரை மறந்துவிட்டீர்களே. வொக்ஸ்வேகனில் பிரவுன் எர்த், கறுப்பு சாவி போட்டால் வரும் கரண்ட். எங்கள் லேண்ட்ரோவர், மொரிஸ் எல்லாம் லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பனியின் கலர் முறை. அதில் பிரவுன்தான் பெட்டரியிலிருந்து நேராக வருவது, கறுப்பு எர்த். அப்படியே தலைகீழ். மலைநாட்டில் பழைய வயரிங்காரர்கள் பலர் மொரிஸில் கை பழகியவர்கள். உங்கள் பகி ஏதாவது ஒரு கராஜில் நின்றால், அவர் பிரவுனைக் கரண்ட் என்று நினைத்துத் தொடுவார். எந்த முறையில் கட்டினாலும் படத்தைக் கீறி, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்ளே ஒட்டிவையுங்கள்.

கொட்டகலை பகி:

எல்லாருக்கும் நன்றி. நானே கட்டுவது என்று முடிவெடுத்துவிட்டேன். பலகையில் கீறிக் கட்டுவது ஃபெக்டரியில் பெனல் போர்ட் கட்டுகிற மாதிரித்தான், அது கைக்கு வரும். கலர் வொக்ஸ்வேகன் முறையில், ஃபியூஸ் பெட்டி மட்டும் பிளேட். இரண்டு சந்தேகம். டேஷ்போர்டில் இருக்கும் சார்ஜ் லைட்டுக்கு எல்இடி போடலாமா? வயருக்கு மேலே உறை எது நல்லது? வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் அடிக்கடி போய்வருகிறேன், ஜூன் ஜூலையில் கூரையில்லாத வண்டிக்குள் தண்ணீர் தேங்கும்.

பண்டாரவளை வயரிங்காரர்:

எல்இடியை நேராகப் போடாதீர்கள். அந்த பல்பு வழியாகப் போகிற கரண்டில்தான் ஓல்டர்நேட்டர் முதலில் எழும்பிச் சார்ஜ் கொடுக்கத் தொடங்கும். எல்இடி விடுகிற கரண்ட் அதற்குப் போதாமல் போகலாம், பிறகு பெட்டரி இறங்குகிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். சாதாரண பல்பே போதும்.

உறைக்கு, நீளவாக்கில் பிளந்த நெளிக் குழாய். பிளவு கீழ்ப்பக்கம் இருக்கட்டும், தண்ணீர் வடிந்துவிடும். முழுக்க டேப் சுற்றினால் உள்ளே போன ஈரம் வெளியே வராது. ஃபியூஸ் பெட்டியை எவ்வளவு உயரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு உயரத்தில் வையுங்கள், வயர்கள் கீழிருந்து ஏறிப் பெட்டிக்குள் போகட்டும். எலிக்கு என்னிடம் மருந்து இல்லை.

இன்னொன்று. கியர்பாக்ஸின் மூக்குப் பக்கம் பின்னல் எர்த் பட்டை ஒன்று செசிக்குப் போகும். கியர்பாக்ஸ் ரப்பரில் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டைதான் எஞ்சினுக்கு எர்த். இருக்கிறதா பாருங்கள்.

கொட்டகலை பகி:

பார்த்தேன் அண்ணே. பட்டை இல்லை, போல்ட் துளை மட்டும் துருப்பிடித்துக் கிடக்கிறது. எக்சிலரேட்டர் கேபிள் குழாயிலிருந்து வெளியே வரும் இடத்தில் கறுத்து, இரண்டு மூன்று இழை அறுந்திருக்கிறது. தேய்மானம் என்று நினைத்திருந்தேன்.

பண்டாரவளை வயரிங்காரர்:

தேய்மானமாக எனக்குத் தெரியவில்லை. பட்டை இல்லாததால் ஸ்டார்ட்டர் கரண்ட் அந்தக் கேபிள் வழியாகத்தான் திரும்பியிருக்கும். துளையைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிய வைத்துப் பட்டையைப் போடுங்கள், போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். எக்சிலரேட்டர் கேபிளைப் புதிதாக மாற்றுங்கள். கிளட்ச் கேபிளையும் இழுத்துப் பாருங்கள், அதற்கும் அதே கதிதான் நேர்ந்திருக்கும். அதுவரை ஏற்றத்தில் எடுக்கவேண்டாம்.