காய்ச்சல் இல்லாத தம்பியைக் கொசு தேடி வந்தது

மலேரியா ஆய்வகத்தில் 11 வருடமாக ஸ்லைடு பார்க்கிறேன். ஒரு வீட்டில் பார்த்ததை எழுதுகிறேன்.

காய்ச்சல் வந்தது அண்ணனுக்கு. ஃபால்சிபாரம் என்ற வகை மலேரியா. வழக்கம்போல வீட்டில் எல்லோருக்கும் விரல் நுனியில் குத்தி இரத்தத் தடவல் எடுத்தோம். எட்டு வயதுத் தம்பி நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தான். அவன் விரலைப் பிடித்திருந்தபோது அம்மா சொன்னார்: "ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான் படுக்கிறாங்க. ஆனா கொசு என்னமோ சின்னவனைத்தான் பிடுங்குது." எல்லா அம்மாவும் சொல்வதுதானே என்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜீம்சா சாயம் ஏற்றிப் பார்த்தேன். பெரியவன் இரத்தத்தில் சின்னச் சின்ன மோதிரங்கள் மட்டும், அதாவது ஒட்டுண்ணியின் இளம் வடிவம். சின்னவனுடையதில் பிறை பிறையாக, நடுவில் கரும்பழுப்புத் துகள்களோடு கேமீட்டோசைட்டுகள், அதாவது ஒட்டுண்ணியின் ஆண், பெண் வடிவங்கள். கொசுவின் வயிற்றுக்குள் போனால்தான் அவற்றுக்கு அடுத்த வாழ்க்கை. முதிர்வதற்கு 10, 12 நாள் பிடிக்கும். அதற்குள் பலருக்குக் காய்ச்சல் தணிந்திருக்கும், சிலருக்கு வந்தே இருக்காது.

கென்யாவில் நடந்த ஓர் ஆய்வை அப்புறம்தான் படித்தேன். 2005-ல் வெளியானது. மூன்று கூடாரத்தில் மூன்று குழந்தைகள்: ஒட்டுண்ணி இல்லாத ஒருவர், கேமீட்டோசைட் இல்லாத தொற்றுள்ள ஒருவர், கேமீட்டோசைட் உள்ள ஒருவர். மூன்றாமவர் பக்கம் சுமார் இரண்டு மடங்கு கொசுக்கள் போயின. மருந்து கொடுத்து ஒட்டுண்ணி போனதும் அந்த வித்தியாசமும் போய்விட்டது. படித்தபோது அந்த அம்மாவின் குரல்தான் காதில் கேட்டது. ஒரு வீட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். ஆனாலும் அவர் சொன்னதை அன்றே எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஒரு வாசகர்: என் மகளுக்கு மலேரியா வந்தபோது நானும் இதைக் கவனித்தேன். கொசுவுக்கு எப்படித் தெரிகிறது? உடம்புச் சூடா?

என் பதில்: சூடு மட்டும் என்றால் காய்ச்சலில் கிடந்த அண்ணனைத்தான் மொய்த்திருக்கும். வாசனைக்குப் பெரிய பங்கு உண்டு. தொற்றுள்ள குழந்தைகளின் கால் வாசனையைச் சோதித்ததில் ஹெப்டனல், ஆக்டனல், நானனல் போன்ற ஆல்டிஹைடுகள் (ஒரு வகை வாசனைப் பொருள்கள்) கூடுதலாக இருந்தன. ஒட்டுண்ணி வெளியிடும் ஒரு பொருள் பட்டால் சிவப்பணுக்களிலிருந்து கார்பன் டை ஆக்சைடும் ஆல்டிஹைடும் அதிகம் வெளியேறுகின்றன என்றும் 2017-ல் கண்டார்கள். நம் மூக்குக்கு இதெல்லாம் எட்டாது.

தம்பிக்கு மருத்துவர், கேமீட்டோசைட்டுகளைக் கொல்லும் பிரைமாகுயின் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து எடுத்த தடவலில் பிறைகள் இல்லை. இப்போது தடவல் எடுக்கப் போகும் வீட்டில் எல்லாம் "ராத்திரி கொசு யாரை அதிகம் கடிக்குது?" என்று கேட்டு, பெயருக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்கிறேன்.