எண்டோஃபீனோடைப்: 'உள்ளியல்பு' சரிவருமா?

> பாடநூலில் ஃபீனோடைப்புக்கு (மரபணுக்களின் விளைவாக ஓர் உயிரிடம் அமையும் பண்பு) 'புறத்தோற்றம்' என்று போட்டிருக்கிறார்கள். அப்படியானால் எண்டோஃபீனோடைப் (நோயின் மரபோடு சேர்ந்து வரும், வெளியே தெரியாத பண்பு) 'அகப்புறத்தோற்றமா'? மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பத்தாருக்கான கையேடு சீக்கிரம் அச்சுக்குப் போகணும். யாராவது கைகொடுங்க.
> — முத்தியால்பேட்டை, புதுச்சேரி

டாக்டரம்மாவுக்கு வணக்கம்.

'அகப்புறத்தோற்றம்' என்று அச்சடித்தீர்களானால் கடலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சண்டை போடுவேன்! கோளாறு 'எண்டோ'வில் இல்லை, பாடநூலின் 'புற'த்தில் இருக்கிறது. இரத்த வகையும் ஃபீனோடைப்தான், அதை முகத்தைப் பார்த்தா சொல்ல முடியும்? இலங்கைப் பாடநூல்களின் 'தோற்றவமைப்பு' இந்த வம்பில் மாட்டவில்லை.

எண்டோஃபீனோடைப் என்ற சொல் பிறந்ததே வெட்டுக்கிளி ஆய்வில். 1966இல் ஜான், லூயிஸ் என்ற இருவர், வெளியே தெரியாமல் நுண்ணோக்கிக்கு மட்டும் பிடிபடும் பண்பைக் குறிக்க இதை எழுதினார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் இர்விங் காட்ஸ்மனும் ஜேம்ஸ் ஷீல்ட்ஸும் அதை மனநோய் மரபியலுக்குக் கொண்டுவந்தார்கள்.

காட்ஸ்மன் வாழ்நாளெல்லாம் துரத்தியது ஒரே கேள்வியைத்தான்: மரபணு இருந்தும் நோய் ஏன் சிலருக்கு வருவதில்லை? லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1948 முதல், வருகிற நோயாளிகளிடம் 'கூடப் பிறந்த இரட்டையர் உண்டா' என்று கேட்டுப் பதிந்துவந்தார்கள். அந்தப் பதிவேட்டிலிருந்து 57 ஜோடிகளை எடுத்து இவரும் ஷீல்ட்ஸும் ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரிலும், ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பக்கம்தான். ஒற்றை மரபணு அல்ல, பல மரபணுக்களின் சிறுசிறு பங்கு சேர்ந்து ஒரு வரம்பைத் தாண்டும்போதுதான் நோய் என்று 1967இல் இருவரும் எழுதினார்கள். 2022இல் வந்த பெரிய ஆய்வு, மரபணுத் தொகுதியில் இந்நோயோடு தொடர்புள்ள 287 இடங்களைச் சுட்டியது.

எனக்குப் பிடித்தது 1989இல் காட்ஸ்மன் பெர்டெல்சனோடு வெளியிட்ட டென்மார்க் ஆய்வு. ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு நோய், மற்றவர் நலம். இருவருடைய பிள்ளைகளையும் பார்த்தால் ஆபத்து ஏறத்தாழ ஒன்றேதான், 17 சதவீத அளவில். நலமாக இருந்தவரும் அதைச் சுமந்திருக்கிறார், வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான்.

நம் சொல்லுக்கு வேண்டிய பொருளும் இதுதான். ஆடும் ஊசலைக் கண்ணால் தொடரச் சொன்னால் நம் விழி வழுக்கிக்கொண்டே போகும். மனச்சிதைவு உள்ள பலருக்கு அது பின்தங்கி, பிறகு வெடுக்கென்று தாவிப் பிடிக்கும். நோயில்லாத உடன்பிறப்புகள் சிலருக்கும் இதே தாவல் இருப்பதை எழுபதுகளில் ஃபிலிப் ஹோல்ஸ்மன் குழு காட்டியது. அந்தத் தாவலுக்குத்தான் இப்போது பெயர் தேடுகிறோம்.

'உட்குறி' வேண்டாம். குறி என்றாலே நம் ஊரில் குறிகுணம், நோயின் அடையாளம். நலமாக இருக்கும் தங்கைக்குக் 'குறி இருக்கு' என்று ஒரு தாள் சொன்னால் பெண் பார்க்க வருகிறவர்கள் வாசற்படியோடு திரும்பிவிடுவார்கள். (பையன்கள் வேறு சிரிப்பார்கள்.) 'அகப்பண்பு' ஒழுக்கத்தைப் பேசுவதுபோல் கேட்கிறது. 'இடையியல்பு' என்றால் பிள்ளைகளுக்கு, சிவப்பும் வெள்ளையும் கலந்தால் நடுவில் வரும் அந்திமந்தாரையின் இளஞ்சிவப்புப் பூதான் நினைவுக்கு வரும்.

என் ஓட்டு 'உள்ளியல்பு'க்கு.

— மஞ்சக்குப்பம், கடலூர்

> ஐயா, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். 'உளவியல்' மாதிரி விழுகிறதே? 'அகவியல்பு' கூடாதா?
> — முத்தியால்பேட்டை

அம்மா, அகம் என்றதும் தமிழருக்கு மனம் வந்துவிடும். விழி ஓட்டம் மனசு இல்லையே. காதுக் குழப்பத்துக்கு ஒரு வழி: முதல் இடத்தில் 'மரபுசார் உள்ளியல்பு' என்று முழுசாகப் போடுங்கள், பிறகு 'உள்ளியல்பு' போதும். கூடவே ஒரு வரி: உள்ளியல்பு இருப்பது நோய் வரும் என்பதற்குச் சான்று அல்ல. பக்கத்திலேயே எண்டோஃபீனோடைப் என்றும் எழுதிவிடுங்கள், மருத்துவ மாணவர்கள் தேடும்போது கிடைக்கும்.

> சரிங்க ஐயா, அப்படியே போடுறேன். அடுத்து 'பாலிஜெனிக் ரிஸ்க் ஸ்கோர்' (பல மரபணுக்களின் சிறு பங்குகளைக் கூட்டி நோய் வாய்ப்பைச் சொல்லும் எண்) காத்திருக்கு.

'பல்மரபணு இடர் மதிப்பெண்' என்று எழுதாதீர்கள். மதிப்பெண் என்றால் கூடக் கூட நல்லது என்று ஆகிவிடும். 'இடர் அளவு' என்று வையுங்கள்.